எழுதிக் கொடுத்துவிட்டால் முடிந்துவிடுமா?

கேள்வி: காங்கேயம் பக்கம் ஒரு சின்ன ஊர். வயது 37. எட்டு வருடமாக உள்ளூரிலேயே ஒரு தேங்காய்க் களத்தில் வேலை. எடை போடுவது, லோடு ஏற்றிவிடுவது, இருப்பு நோட்டு எழுதுவது எல்லாம் நான்தான். களத்துக்காரர் எனக்குப் பங்காளி முறை. அவர் வசதியான வீடு, நாங்கள் அப்படி இல்லை. போன மாதம் கணக்கு முடித்தபோது, மூன்று மாதத்தில் 18 மூட்டை தேங்காய்ப் பருப்பு (கொப்பரை) குறைகிறது என்றார். நான் வீட்டு அடுப்புக்காக எக்ஸெல் வண்டியில் தேங்காய்த் தொட்டி (சிரட்டை) மூட்டை கொண்டுபோனதை யாரோ பார்த்துச் சொல்ல, அதில்தான் பருப்பைக் கடத்தினேன் என்று ஆகிவிட்டது. தொட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னதே அவர்தான், வாய்வார்த்தையாக. இப்போது வண்டியைப் பிடுங்கிக் களத்தில் நிறுத்திவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் கோயிலுக்குக் கூப்பிட்டு, "தப்பு நடந்துபோச்சுன்னு கைப்பட எழுதிக் குடுத்துட்டு ரெண்டு லட்சத்தைக் கட்டீரு, ஊருக்குள்ளயே முடிச்சுக்கலாம்" என்கிறார்கள். இல்லாவிட்டால் அமாவாசைக்கு ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போய் மிளகாய் அரைப்போம், போலீசிலும் கொடுப்போம் என்கிறார்கள். ஸ்டேஷனிலிருந்து ஒருமுறை போன் வந்தது: "சம்சாரத்தையும் கூட்டிட்டு வா." ஊர் வாட்ஸ்அப் குழுவில் என் படத்தைப் போட்டிருக்கிறார்கள். என் மனைவியிடம் யாரும் பேசுவதில்லை. ஏழாவது படிக்கும் மகள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறாள். நான் எடுக்கவில்லை. எழுதிக் கொடுத்துவிடலாமா? ஸ்டேஷனுக்குப் போகலாமா? ஊரை விட்டே திருப்பூருக்குப் போய்விடலாமா?

பதில்: தம்பி, அமாவாசைக் கெடு இருப்பதால் முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். எழுதிக் கொடுக்காதீர்கள். ஒரு வரிகூட வேண்டாம்.

பெரியவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. போலீஸ், கோர்ட் என்று அலையாமல் இரண்டு வீட்டு மானமும் காப்பாற்றப்படட்டும் என்றுதான் பாதிப் பேர் சொல்வார்கள். ஆனால் அந்தக் காகிதம் அவர்கள் நினைப்பதுபோல் கோயில் உண்டியலில் கிடக்காது. சட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. போலீஸ்காரரிடம் நீங்கள் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது. அதன் மூலம் பொருள் கண்டெடுக்கப்பட்டால் மட்டும் அந்த அளவுக்கு அது செல்லும். ஆனால் களத்துக்காரரிடம் நாலு பெரியவர்கள் முன்னால் எழுதிக் கொடுத்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதை அப்படியே கோர்ட்டில் தாக்கல் செய்யலாம். கையெழுத்துப் போடும்போது பார்த்த நாலு பேரும் சாட்சி. இந்த மாதிரி ஒப்புதல் பலவீனமான சாட்சியம் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருப்பது உண்மைதான். மிரட்டி வாங்கியது என்றும் வாதாடலாம். ஆனால் "மிரட்டினார்கள்" என்று சொல்ல உங்கள் பக்கம் அங்கே யார் இருப்பார்கள்?

பணம் கட்டுவதும் அதே கதைதான். "எடுக்காதவன் எதுக்குங்க ரெண்டு லட்சம் கட்டறான்?" என்ற ஒரு கேள்வி போதும். பணத்தைக் கட்டிய பிறகு புகார் கொடுக்கமாட்டார்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

கையில் பணம் இல்லை என்றால் அடுத்து வருவது புரோநோட்டு அல்லது நிரப்பாத செக். அதை இன்னும் கண்டிப்பாக மறுங்கள். வெற்றுச் செக் கொடுத்தால், திருட்டு வழக்கே இல்லாமல் போனாலும் செக் பவுன்ஸ் வழக்கு ஒன்று தனியாக வந்து நிற்கும். இரண்டு ஆண்டு வரை தண்டனை இருக்கிறது. அதில் கையெழுத்து உங்களுடையது என்று ஆகிவிட்டால், கடனுக்காகத்தான் கொடுத்தீர்கள் என்று சட்டமே முதலில் எடுத்துக்கொள்ளும். கடன் இல்லை என்று காட்டும் வேலை உங்கள் தலையில் விழும். கொங்கு வட்டாரத்தில் நான் பார்க்கும் செக் வழக்குகளில் கணிசமானவை கடனில் தொடங்கியவை அல்ல. இப்படி ஏதாவது பஞ்சாயத்தில் தொடங்கியவை.

சரி, பெரியவர்களிடம் என்னதான் சொல்வது? முகத்தை முறித்துக்கொண்டு வர வேண்டியதில்லை. "கணக்குப் பாக்கலாமுங்க. அவுங்க பக்கம் ஒரு ஆளு, எம்பக்கம் ஒரு ஆளு, நோட்டை வெச்சுட்டுப் பாக்கட்டும். கணக்குல நான் எடுத்ததா வந்தா அப்பறம் பேசலாம்." இவ்வளவுதான். இதற்கு மேல் சபையில் பேச வேண்டாம்.

இதை ஒரு சமாளிப்பாகச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடமே அந்த 18 மூட்டைதான். பருப்பு காயக் காய எடை குறையும் சரக்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் போலீஸ் ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் யாராவது சொல்லியாக வேண்டும். உடைத்த தேங்காயின் பருப்பில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். ஈரம் 6 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்தால்தான் மில்லுக்காரர் காய்ந்த சரக்கு என்று ஒத்துக்கொள்வார். அரைகுறையாகக் காய்ந்து 12 சதவீத ஈரத்தில் இருக்கும்போது 1,000 கிலோ என்று நோட்டில் ஏற்றியது, 6 சதவீதத்துக்கு வந்து லோடு ஏறும்போது 936 கிலோதான் நிற்கும். 64 கிலோ வெயிலில் போனது. மூட்டை 50 கிலோ என்று வைத்தால் 18 மூட்டை 900 கிலோ. இந்த ரகத்தில் 14 டன் காய்ந்திருந்தாலே கிட்டத்தட்ட அந்த 900 கிலோவும் கணக்கில் வந்துவிடும். இதோடு சாக்கு எடை, மில் எடைமேடையில் கழித்தது, ஈரம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிய லோடு எல்லாம் இருக்கிறது.

மூன்று மாதத்தில் உங்கள் களத்தில் எத்தனை டன் புரண்டது, எந்தப் பதத்தில் எடை போட்டு நோட்டில் ஏற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. முழுக்கக் காய்ந்த பிறகுதான் எடை போடுவீர்கள் என்றால் நான் மேலே போட்ட கணக்கு உங்களுக்கு உதவாது. அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அதனால் இன்றைக்கே உட்கார்ந்து, நினைவில் இருக்கும் வரை ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த வாரம் எத்தனை லோடு காய் வந்தது, எந்த வண்டி, எந்த மில், எடைச்சீட்டு யார் கையில், உங்களைத் தவிர குடோன் சாவி யாரிடம் இருந்தது, நீங்கள் லீவு போட்ட நாளில் யார் எடை போட்டது. போனில் எடைச்சீட்டுப் படம், லாரிக்காரருக்கு அனுப்பிய மெசேஜ் எதுவும் இருந்தால் அழிக்காதீர்கள். போனை மாற்றவும் வேண்டாம்.

குறைவு என்பது வேறு, திருட்டு என்பது வேறு. சரக்கு குறைகிறது என்று காட்டினால் மட்டும் திருட்டு ஆகிவிடாது. நேர்மையற்ற எண்ணத்தோடு நீங்கள் எடுத்தீர்கள் என்று காட்ட வேண்டும், காட்ட வேண்டியது அவர்கள். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நோட்டும் சரக்கும் உங்கள் பொறுப்பில் இருந்தவை. நம்பி ஒப்படைத்ததைக் கையாடினார் என்று வழக்குப் போட்டால், "ஒப்படைத்தோம், கணக்கு வரவில்லை" என்பதை அவர்கள் காட்டியதும் நீதிபதி உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். அப்போது விளக்கம் இருக்க வேண்டும். நோட்டை எழுதச் சொல்வது அதற்குத்தான்.

தொட்டி மூட்டை விஷயம் கொஞ்சம் சிக்கல். தொட்டிக்கும் இன்று விலை உண்டு. கரி போடுகிறவர்கள் வீடு தேடி வந்து வாங்கிப் போகிறார்கள். வாய்வார்த்தையாகக் கொடுத்த அனுமதியை அவர் இப்போது மறுக்கலாம். களத்தில் வேலை செய்யும் பெண்கள் யாராவது இதே மாதிரி தொட்டி எடுத்துப் போவது வழக்கமா, அவர் சொன்னதை வேறு யாராவது கேட்டார்களா என்று யோசியுங்கள். அவர்களிடம் போய் "எனக்காகச் சொல்லு" என்று இப்போது கேட்காதீர்கள். அவர்களுக்கும் அந்தக் களத்தில்தான் கூலி. பெயரை வக்கீலிடம் சொல்லுங்கள், போதும். நீங்கள் கடிதத்தில் விட்டுவிட்டது ஏதாவது இருந்தால், ஒரு மூட்டையோ ஒரு படியோ, அதையும் அவரிடம் சொல்லுங்கள். கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. வக்கீலிடம் மறைத்ததால் கெட்ட வழக்குகள்தான் அதிகம்.

இனி ஸ்டேஷன். போகாமல் ஒளிவது தவறு, போன் வந்ததும் தனியாக ஓடுவதும் தவறு. இதுவரை உங்கள் மேல் எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா, வெறும் மனுவா என்பதே தெரியவில்லை. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். பார்க்கலாம், செல்லை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பையன்கூடத் தேடிக் கொடுப்பான். மனு மட்டும்தான் என்றால் சி.எஸ்.ஆர்., அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, போட்டிருப்பார்கள். எதுவாக இருந்தாலும் விசாரணைக்கு வரச் சொன்னால், "எழுத்துல குடுங்க சார், வக்கீலோட வர்றேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், அதாவது பி.என்.எஸ்.எஸ்.ஸில், 35-ஆம் பிரிவு நோட்டீஸ் என்று ஒன்று உண்டு. அந்த நோட்டீஸ் வந்தால் குறித்த தேதியில் தவறாமல் போக வேண்டும். போய்க்கொண்டிருக்கும் வரை, காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்ய முடியாது.

மனைவியைக் கூட்டிப் போகவே வேண்டாம். விசாரணைக்குப் பெண்களை அவர்கள் குடியிருக்கும் இடத்தை விட்டு வேறெங்கும் வரச்சொல்லக் கூடாது என்று சட்டத்தில் நேராகவே எழுதியிருக்கிறது. அவரிடம் கேட்க ஏதாவது இருந்தால் உங்கள் வீட்டுக்கு வந்து கேட்கட்டும்.

எழுத்தில் கேளுங்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2025 ஜூனில், சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலில் நகை காணவில்லை என்ற புகாரில் விசாரணைக்குக் கூட்டிப்போன கோயில் காவலாளி போலீஸ் பிடியில் இறந்துபோனார். ஸ்டேஷனுக்கு வெளியே வைத்துத்தான் அவரை அடித்தார்கள் என்ற குற்றச்சாட்டு, வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. உங்கள் ஸ்டேஷன் அப்படிப்பட்டது என்று சொல்லவில்லை. ஆனால் விசாரணை ஸ்டேஷனில்தான் நடக்க வேண்டும். தோப்புக்கு வா, களத்துக்கு வா, பேசிக்கலாம் என்றால் போகாதீர்கள். ஸ்டேஷன்களில் கேமரா இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. போகும் நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் மனைவிக்கு மெசேஜாக அனுப்புங்கள். போலீசாரிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, அப்படிப் போடவைப்பதும் சட்டப்படி கூடாது. பதற்றத்தில் நம் ஆட்கள் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

வழக்கே பதிவானால்? சாதாரணத் திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை. முதலாளியின் பொருளை வேலையாள் எடுத்தார் என்ற பிரிவு போட்டால் ஏழு ஆண்டு வரை. எண்ணைப் பார்த்து மலைக்காதீர்கள், அது உச்சவரம்பு. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள வழக்குகளில் கைது தானாக நடக்கக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் செல்லும். ஆனாலும் சின்ன ஊரில் கைது என்பது சிறையைவிட ஊர் பார்க்கும் காட்சியாக நடப்பது உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடித்தால் திங்கள் வரை ஜாமீன் மனு போட வழி இருக்காது என்று தெரிந்தே சிலர் அப்படிச் செய்யச் சொல்வார்கள். அதனால் எஃப்.ஐ.ஆர். வந்த தகவல் தெரிந்ததும் திருப்பூர் மாவட்ட நீதிமன்றத்தில் முன்ஜாமீன் போட வக்கீலிடம் இப்போதே வக்காலத்துக் கையெழுத்துக் கொடுத்து வைத்துவிடுங்கள். பெரும்பாலும் கொஞ்ச நாள் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடச் சொல்லி ஜாமீன் கொடுப்பார்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் தாலுகா கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். 15100 என்ற எண்ணுக்கும் கூப்பிடலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. உள்ளூர் வக்கீல் வேண்டாம் என்று நினைத்தால் அது தப்பில்லை. களத்துக்காரருக்கும் அதே வக்கீல் மாமன் மச்சான் முறையாக இருக்கலாம். தாராபுரத்திலோ ஈரோட்டிலோ ஒருவரைப் பாருங்கள்.

வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அது பெரிய விஷயம். உங்கள் பெயரில் உள்ள வண்டியைப் பிடித்து வைக்க அவருக்கு எந்த உரிமையும் இல்லை. இதை வைத்து நீங்களே ஒரு மனு கொடுங்கள். அரைப் பக்கம் போதும்: எட்டு வருடமாக வேலை, இன்ன தேதியில் குறைவு என்று சொன்னார், நான் மறுத்தேன், கணக்குப் பார்க்கத் தயார் என்றேன், வண்டியையும் நிலுவைச் சம்பளம் இருந்தால் அதையும் தரவில்லை, எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறார்கள். வசவு ஒன்றும் வேண்டாம், சாதி, சொத்து, பழைய பகை எதுவும் வேண்டாம். ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை நடந்ததெல்லாம் அவர்கள் வாயால் சொன்னது. உங்கள் பக்கத்தைச் சொல்லும் முதல் காகிதம், தேதியோடு, இதுதான்.

வாட்ஸ்அப் படத்துக்கு மானநஷ்ட வழக்குப் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போடலாம், இப்போது வேண்டாம். ஒரு வழக்கை எதிர்கொள்ளவே கையில் காசில்லாத நேரத்தில் இன்னொன்றைத் தொடங்கினால் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கும், உங்கள் பக்கம் ஆள் குறைவாக இருக்கும். யார் போட்டது, எந்த நேரம், என்ன எழுதியது என்று தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். குழுவிலிருந்து வெளியேறாதீர்கள், பதிலும் போடாதீர்கள்.

மிளகாய் அரைப்பதைப் பற்றி. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில், பொருளைப் பறிகொடுத்தவர்கள் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுவது நம் பக்கத்தில் எல்லோரும் அறிந்தது. அவர் நம்பிக்கை, அவர் அரைக்கட்டும். நீங்களும் பயப்படாமல் இருங்கள். சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னால், மனசுக்குச் சரி என்றால் செய்யுங்கள். "எடுக்கவில்லை" என்ற ஒரே சொல்லோடு நிறுத்துங்கள். "எடுக்கவில்லை, ஆனாலும் ஊர் சொல்வதற்குக் கட்டுப்படுகிறேன்" என்று வாக்கை நீட்டினால்தான் வம்பு. சத்தியத்தை எந்தக் கோர்ட்டும் கணக்கில் எடுக்காது. ஆனால் ஊர் எடுக்கும், நீங்கள் அங்கேதான் குடியிருக்கிறீர்கள். அதனால் இதைக் கேலியாக நினைக்கிற வக்கீல்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே சமயம், கோயில் வரி வாங்கமாட்டோம், தண்ணீர் விடமாட்டோம் என்று ஒதுக்கிவைத்தால் அது நம்பிக்கை இல்லை. கட்டப் பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்று 2011-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படி நடந்தால் அதையும் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள்.

மகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள். "அப்பா எடுக்கல, கணக்குல ஒரு சிக்கல், வக்கீல் பாத்துக்கறாரு" என்ற அளவில் போதும். ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு இதற்குள் நீங்கள் சொன்னதைவிட அதிகமாகத் தெரிந்திருக்கும். வகுப்பு ஆசிரியரை நீங்களோ மனைவியோ நேரில் பார்த்து இதையே சொல்லுங்கள். நான் பார்த்தவரை ஆசிரியர்கள் இந்த விஷயத்தில் ஊரைவிட நியாயமாக நடந்துகொள்வார்கள். மனைவிக்குப் பேச ஒரு ஆளாவது வேண்டும். அவர் பிறந்த வீட்டுக்கு விஷயம் மூன்றாம் ஆள் மூலம் போவதற்கு முன்னால் நீங்களே போய் மாமனாரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாகத் திருப்பூர். ராத்திரியோடு ராத்திரியாகப் போவது என்றால் வேண்டாம். "ஓடிப்போயிட்டான்" என்ற ஒரு வார்த்தை முன்ஜாமீன் மனுவில் உங்களுக்கு எதிராக எழுதப்படும். வேலைக்காகப் போவது வேறு. வருமானம் இல்லாமல் எத்தனை மாதம் உட்கார முடியும்? பனியன் கம்பெனியில் வேலை கிடைத்தால் தாராளமாகப் போங்கள். போவதற்கு முன் புது விலாசத்தையும் போன் நம்பரையும் எழுதி ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மகளின் டி.சி.யை முழுப் பரீட்சை முடியும் வரை வாங்க வேண்டாம். நீங்கள் மட்டும் முதலில் போய்வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஊருக்கு வாருங்கள், கடைவீதியில் நாலு பேர் பார்க்க நடமாடுங்கள். வாடகை வீடு எடுத்தால் ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வக்கீலிடம் இருக்கட்டும். ஜாமீன் நிபந்தனையில் கையெழுத்துப் போடும் ஸ்டேஷனைத் திருப்பூருக்கு மாற்றிக் கேட்க அது தேவைப்படும்.